அருவிக்குக் குளிக்கப் போகுமுன் ஒரு ஹைட்ராலிக்ஸ் பாடம்

(மூன்றாமாண்டு சிவில் மாணவன்)



ஹைட்ராலிக்ஸ் என்ற சொல்லைப் பார்த்தவுடன் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இது அரியர் வைத்தவர்களுக்கு நடத்தும் கோச்சிங் கிளாஸ் அல்ல. (இதை எழுதுகிறவனே அந்தப் பாடத்தில் ஒரு தடவை வழுக்கி விழுந்து மறு தடவை எழுந்தவன்தான்!) குற்றாலத்திற்குக் குளிக்கப் போவதைப் பற்றிய பாடம் இது. மெக்கானிக்கல், எலெக்ட்ரிக்கல், கம்ப்யூட்டர் நண்பர்களும் தாராளமாகப் படிக்கலாம். அருவிக்குக் கிளம்பும்போது யாரும் டிபார்ட்மென்ட் பார்ப்பதில்லையே!

புளியங்குடியில் படிக்கிற நமக்கு ஜூன் மாதம் என்றால் முதலில் காற்றுதான். விடுதி ஜன்னலைச் சாத்தினாலும் படபடவென்று அடிக்கும். எலுமிச்சை மார்க்கெட் பக்கம் நடந்தால் மூட்டை மூட்டையாய்ப் பழவாசனை. (2025-ல் நம்மூர் எலுமிச்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததை ஊரே பேசியது நினைவிருக்கும்.) அந்த வாசனையோடு ரோட்டுத் தூசியும் சேர்ந்து மூக்கில் ஏறும். மேற்கே திரும்பினால் மலை உச்சியில் மேகம் சட்டமாக உட்கார்ந்திருக்கும். ஆனால் நம்மூருக்கு ஒரு சொட்டு இறங்காது!

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏழெட்டுப் பேர் சேர்ந்து தென்காசி பஸ்ஸில் ஏறுவோம். சொக்கம்பட்டி வரை அதே வறண்ட காற்று. கடையநல்லூர் தாண்டினால் வெயில் கொஞ்சம் மங்கும். இடைகால் பக்கம் வரும்போது ஜன்னலோரம் உட்கார்ந்தவன் முகத்தைத் துடைப்பான். தென்காசியில் இறங்கும்போது சட்டை நனைந்திருக்கும். முப்பத்தைந்து கிலோமீட்டர் சொச்சம்தான் தூரம். அதற்குள் இரண்டு சீதோஷ்ணம் எப்படி வந்தது? எத்தனை தடவை போய் வந்திருக்கிறோம், ஒருவராவது கேட்டோமா?

சாரல் நுழையும் வாசல்

நம்மூருக்கு மேற்கே மேற்குத் தொடர்ச்சி மலை மதில் மாதிரி நிற்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று ஜூன் தொடக்கத்தில் அரபிக்கடலிலிருந்து ஈரத்தைச் சுமந்துகொண்டு கேரளத்திற்குள் வருகிறது. மதிலில் ஏறும்போது குளிர்ந்து, மழையைக் கேரளத்துப் பக்கத்திலேயே கொட்டிவிடுகிறது. மதிலைத் தாண்டி இந்தப் பக்கம் இறங்குவது பெரும்பாலும் வெறுங்காற்று. ‘மழை மறைவுப் பிரதேசம்’ என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அது நம்ம ஊர்தான்.

ஆனால் செங்கோட்டைக்கு மேற்கே இந்த மதிலில் ஒரு வாசல் இருக்கிறது. ஆரியங்காவு, செங்கோட்டைக் கணவாய் என்று சொல்வது அதைத்தான். அகத்தியமலைத் தொடருக்கும் வடக்கே உள்ள மலைத்தொடருக்கும் நடுவே உயரம் குறைந்து கிடக்கும் இடைவெளி. 1904-ல் கொல்லத்துக்கு ரயில் பாதை போட்டவர்களும் இந்த வழியாகத்தான் போட்டார்கள். ரயிலுக்குத் திறந்த வாசல் காற்றுக்கு மூடியா இருக்கும்? மழைக்காற்று ஈரத்தோடு அப்படியே இந்தப் பக்கம் நுழைந்துவிடுகிறது. அதுதான் சாரல். மழையுமில்லை, பனியுமில்லை, குடை பிடித்தால் சிரிப்பார்கள், பிடிக்காவிட்டால் நனைவோம்! தென்காசி காசி விசுவநாதர் கோயில் ராஜகோபுர வாசலில் நின்று பாருங்கள், காற்று ஆளைத் தள்ளும். அந்தக் காற்றின் முகவரி கணவாய்தான்.

போகிற போக்கில் இன்னொரு சங்கதி. திரும்பி வரும்போது நாம் ஓடிப்போய் இடம் பிடிக்கிற ‘பார்டர் பரோட்டா’வில் இருக்கும் பார்டர் எது தெரியுமா? செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர் பக்கம் இருந்தது. அன்றுதான் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. எல்லை போய்விட்டது, பிரானூரில் பேரும் பரோட்டாவும் தங்கிவிட்டன.

மலையைப் பார்க்கத் தெரிந்தவர்கள்

குற்றாலத்தைக் குளிக்கிற இடமாக மட்டும் சுருக்கியது நம் தலைமுறைதான் என்பது என் கருத்து. வரும்போதே ஸ்பீக்கர், தலையில் எண்ணெய், கையில் செல்போன். மதியம் பரோட்டா, மாலையில் மங்குஸ்தான் ஒரு பை, திரும்ப பஸ். தப்பென்று சொல்லவில்லை, நானும் அதைத்தான் செய்தேன். ஆனால் இதே இடத்தில் மனிதர்கள் வேறு மாதிரியும் பொழுதுபோக்கியிருக்கிறார்கள்.

பக்கத்து மேலகரத்துக்காரர் திரிகூடராசப்பக் கவிராயர், 18-ஆம் நூற்றாண்டில் குற்றாலக் குறவஞ்சி பாடினார். அதில் வசந்தவல்லி பந்தாடுகிறாள். அந்தக் காலத்து அவுட்டோர் கேம்! பிறகு குறத்தி வருகிறாள். அவள் குறி சொல்வதற்கு முன்னால் என்ன செய்கிறாள் என்று கவனியுங்கள். தன் மலையை வர்ணிக்கிறாள். அங்கே என்ன மரம், என்ன மிருகம், அருவி எப்படி விழுகிறது என்று ஒன்றுவிடாமல் சொல்கிறாள். மலையைத் தெரிந்தவள் என்று காட்டிக்கொண்ட பிறகுதான் அவள் சொல்லும் குறிக்கு மதிப்பு.

ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார் (1882–1954) தம் கடைசிக் காலத்தில் குற்றாலத்திலேயே வீடெடுத்து இருந்தவர். திருநெல்வேலியில் அவர் வீட்டில் கூடிய நண்பர் கூட்டத்துக்கு ‘வட்டத்தொட்டி’ என்று பெயர். ராஜாஜி, கல்கி போன்றவர்கள் அவருடைய நண்பர்கள். கம்பன் பாட்டைச் சொல்வது, அனுபவிப்பது, சாப்பிடுவது, அருவிக்குப் போவது என்று சீசன் கழிந்திருக்கிறது. குற்றாலத்திலேயே உள்ள சித்திர சபையை நம்மில் எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்? நடராசப் பெருமானின் ஐந்து சபைகளில் ஒன்று. சுவர் முழுவதும் ஓவியங்கள். பேரருவியிலிருந்து நடக்கிற தூரம்தான். ஒரே கல்லூரியில் மூன்று வருடம், குறைந்தது பத்துத் தடவை குற்றாலம் போன நான், மூன்றாம் வருடத்தில்தான் உள்ளே போனேன். அதுவும் மழைக்கு ஒதுங்க!

பொங்குமாங்கடல் என்னும் இன்ஜினீயர்

பேரருவிக்கு வருவோம். சிற்றாறு இங்கே சுமார் 60 மீட்டர் உயரத்திலிருந்து விழுகிறது. சுதந்திரமாக விழும் பொருளின் வேகம் நமக்குத் தெரிந்த சூத்திரம்தான். இரண்டு, புவிஈர்ப்பு முடுக்கம், உயரம் மூன்றையும் பெருக்கி வர்க்கமூலம் எடுக்க வேண்டும். 60 மீட்டருக்குப் போட்டால் வினாடிக்கு 34 மீட்டர், அதாவது மணிக்கு 120 கிலோமீட்டருக்கும் மேல். காற்றின் தடையால் நிஜத்தில் இது குறையும் என்றாலும், அந்த உயரத்திலிருந்து ஒரே பாய்ச்சலாகத் தண்ணீர் தலையில் விழுந்தால் குளியலா அது? ஓட்டம்தான்!

பிறகு எப்படிக் குழந்தைகள் வரை நின்று குளிக்கிறார்கள்? நிமிர்ந்து பாருங்கள். அருவி நேராகக் கீழே வருவதில்லை. நடுவழியில் பாறையில் உள்ள பள்ளமான தொட்டி ஒன்றில் விழுந்து, அங்கே கொந்தளித்து, நிரம்பி வழிந்து, அப்புறம்தான் கீழே வருகிறது. அந்தத் தொட்டிதான் பொங்குமாங்கடல். அணைக்கட்டின் வழிந்தோடிக்குக் கீழே தண்ணீரின் வேகத்தைக் கொல்வதற்கு ஸ்டில்லிங் பேசின் கட்டுவார்கள், வாட்டர் குஷன் விடுவார்கள் என்று படிக்கிறோமே, இயற்கை அதை இங்கே சிமெண்ட் இல்லாமல் கட்டி வைத்திருக்கிறது. மேலிருந்து கொண்டுவந்த ஆற்றலைத் தண்ணீர் அந்தத் தொட்டியிலேயே நுரையாகவும் இரைச்சலாகவும் செலவழித்துவிடுகிறது. மிச்ச உயரத்துக்கான வேகம் மட்டும்தான் நம் தலைக்கு.

வைவாவில் கேட்கக்கூடிய ஒரு நுணுக்கம்: உயரம் பாதியானால் வேகம் பாதியாகாது, 34 என்பது 24 ஆகும், அவ்வளவுதான். ஆனால் ஆற்றல் சரிபாதியாகிவிடும். நம்மை அடிப்பதும் தேய்ப்பதும் அந்த ஆற்றல்தான்.

பேரருவியில் கட்டியிருக்கும் பாதுகாப்பு வளைவையும் பார்த்திருப்பீர்கள். ‘ஆர்ச்சைத் தாண்டி விழுதாம், குளிக்க விடமாட்டாங்களாம்’ என்று பஸ்ஸிலேயே சேதி வந்துவிடும். ஆற்றில் நீர்மட்டம் பார்க்க நடும் அளவுகோல் மாதிரி அந்த வளைவும் ஓர் அளவுகோல்தான். அதைத் தாண்டிப் பாய்கிறது என்றால் பொங்குமாங்கடலால் அடக்க முடியாத தண்ணீர் வந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். கல்லும் கட்டையும் கூடவே வரலாம். தடை போட்டால் போலீஸ்காரரிடம் முறைப்பது வீண்.

ஓடையில் ஒரு நாள்

இவ்வளவும் எனக்குப் பாடப்புத்தகத்தால் வந்த ஞானம் அல்ல. இரண்டாமாண்டு படிக்கும்போது ஒரு விடுமுறை நாளில் நாங்கள் ஐந்து பேர், குற்றாலத்தில் கூட்டம் என்று, மலையடிவாரத்தில் ஓர் ஓடைக்குப் போனோம். எந்த ஊர் ஓடை என்று எழுத விரும்பவில்லை. எழுதினால் அடுத்த ஞாயிறு அங்கே ஒரு பட்டாளம் போய்விடும். முழங்கால் தண்ணீர், கண்ணாடி மாதிரி தெளிவு, தலைக்கு மேலே நல்ல வெயில். சட்டையைப் பாறையில் காயப்போட்டுவிட்டுப் படுத்துக் கிடந்தோம். நடுவில் ஒரு பெரிய பாறை. அதன்மேல் நண்பன் ஒருவன் ஏறி உட்கார்ந்து சினிமாப் பாட்டு.

கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் சத்தம் போட்டார். “ஏ தம்பிகளா, மேல ஏறுங்கடே!”

அவருடைய இடத்தில் குளிக்கிறோம் என்று கோபப்படுகிறாராக்கும் என்று நினைத்தோம். “இதோ கெளம்பிருதோம் தாத்தா” என்று சொல்லிவிட்டு அப்படியே கிடந்தோம்.

“கெளம்புறதாவது! தண்ணி கலங்குது, கண்ணு தெரியலையா? அங்க பாரு மலைய!”

மேற்கே பார்த்தோம். உச்சி தெரியவில்லை. கறுப்பாக மூடியிருந்தது. கீழே பார்த்தால் கண்ணாடித் தண்ணீர் டீ கலராக மாறியிருந்தது. காய்ந்த இலையும் சுள்ளியும் மிதந்து வந்தன. பெரியவர் கம்பை ஓங்கிக்கொண்டு இறங்கி வந்த பிறகுதான் நாங்கள் எழுந்தோம். பாறையில் இருந்தவன் கடைசியாக வந்தான். அவன் கரையேறி நாங்கள் சட்டையைத் தேடுவதற்குள் அந்தப் பாறை தண்ணீருக்குள் போய்விட்டது. எங்கள் மூன்று பேர் சட்டை, ஒரு பை, அவனுடைய ஒரு செருப்பு எல்லாம் போயின. எங்கள் தலையில் அதுவரை ஒரு சொட்டு மழை விழவில்லை!

பெரியவர் திட்டக்கூட இல்லை. ஆட்டை ஓட்டிக்கொண்டு போய்விட்டார். அவர் பெயரைக்கூடக் கேட்கவில்லையே என்று இன்றும் எனக்கு உறுத்தல்.

2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்ததை நீங்கள் செய்தியில் பார்த்திருப்பீர்கள். மலைமேல் பெய்த கோடை மழை. குளித்துக்கொண்டிருந்தவர்கள் அலறியடித்து ஓடினார்கள். நம்மைவிட இளைய மாணவர் ஒருவர் அடித்துச் செல்லப்பட்டு இறந்துபோனார். அந்த வீடியோவை விடுதியில் எல்லோரும் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். நான் ஒரு தடவைக்கு மேல் பார்க்கவில்லை.

கணக்கு என்ன சொல்கிறது?

திடீர் வெள்ளம் என்கிறோம். உண்மையில் அது திடீரென்று வருவதில்லை. மேலே எப்போதோ கிளம்பிவிட்டது, நமக்குத்தான் தெரிவதில்லை. ஓர் அருவிக்குத் தண்ணீர் தரும் மலைப்பரப்பு முழுவதும் அதன் நீர்ப்பிடிப்புப் பகுதி. அதன் மிகத் தொலைவான மூலையில் விழுந்த துளி, அருவி வரை வந்து சேர எடுக்கும் நேரத்தை ‘டைம் ஆஃப் கான்சன்ட்ரேஷன்’ என்று படிக்கிறோம். சமவெளியில் பெரிய ஆற்றுக்கு இது பல மணி நேரம், சில சமயம் நாட்கள். தாமிரபரணியில் வெள்ளம் என்றால் தண்டோரா போட அவகாசம் உண்டு. செங்குத்தான சிறு மலையோடைக்கு அவகாசம் நிமிடக் கணக்கில்தான்.

ரேஷனல் ஃபார்முலாவை எடுத்துக்கொள்வோம். ஓடுகெழு, மணிக்கு எத்தனை மில்லிமீட்டர் என்ற மழைச்செறிவு, ஹெக்டேரில் பரப்பு மூன்றையும் பெருக்கி 360-ஆல் வகுத்தால், வினாடிக்கு எத்தனை கனமீட்டர் என்று வரும். கீழே போடுவது எந்த அருவியின் அளவும் அல்ல, வகுப்பறைக் கணக்குத்தான். பரப்பு 10 சதுர கிலோமீட்டர், அதாவது 1,000 ஹெக்டேர். மழை மணிக்கு 50 மில்லிமீட்டர். மண் ஏற்கனவே நனைந்து ஊறிவிட்டது, பாறையும் சரிவும் அதிகம், ஆகவே ஓடுகெழு 0.6 என்று வைப்போம். விடை 83 கனமீட்டர் சொச்சம். பத்தாயிரம் லிட்டர் தண்ணீர் லாரி தெருவில் வருமே, அந்த மாதிரி எட்டு லாரித் தண்ணீர் ஒவ்வொரு வினாடியும்! காலையில் நாம் பார்த்த ஓடையில் அரை லாரிகூட ஓடியிருக்காது.

இதிலும் ஒரு சேர்மானம் உண்டு. விழுந்த மரமும் இலைக்குப்பையும் மேலே எங்காவது அடைத்துத் தண்ணீரைத் தேக்கி வைத்திருக்கும். அது உடைந்தால் தேங்கியது முழுவதும் ஒரே மொத்தமாக இறங்கும். ஃபார்முலாவுக்குள் அது அடங்காது.

அடுத்து, நம் காலில் படும் விசை. முழங்காலுக்குச் சற்று மேல் வரை தண்ணீர், இரண்டு காலும் சேர்ந்து தண்ணீரை எதிர்க்கும் பரப்பு 0.15 சதுர மீட்டர் என்று தோராயமாக எடுங்கள். ஓட்டம் வினாடிக்கு 1.5 மீட்டர் என்றால் விசை ஏறக்குறைய 17 கிலோ எடைக்குச் சமம். தள்ளாடியாவது நிற்கலாம். ஓட்டம் 3 மீட்டர் ஆனால்? வேகம் இரண்டு மடங்கு, விசை நான்கு மடங்கு! கிட்டத்தட்ட 69 கிலோ. நம் விடுதி மெஸ் சாப்பாட்டில் நம்மில் பாதிப் பேருக்கு அந்த எடையே கிடையாது. ‘எனக்கு நீச்சல் தெரியும்’ என்பவர்களுக்கும் இதேதான் கணக்கு. பாசி பிடித்த பாறையில் கால் நழுவிய பிறகு நீந்துவதற்கு அங்கே ஆழமே இருக்காது, மோதுவதற்குப் பாறைதான் இருக்கும்.

எதைப் பார்க்க வேண்டும்?

ஆடு மேய்க்கும் பெரியவர் பார்த்தது எல்லாம் நாமும் பார்க்கக் கூடியவைதான். தெளிந்த தண்ணீர் கலங்குவது முதல் சேதி. வெள்ளத்தின் முன்பகுதி கரையோர மண்ணைக் கரைத்துக்கொண்டு வருகிறது. இலை, சுள்ளி, நுரை வழக்கத்தைவிட அதிகமாக வருவது அடுத்த சேதி. பிறகு சத்தம். அருவியின் இரைச்சலுக்குக் காது பழகியிருக்கும். அது கனத்து, உருளுகிற மாதிரி கேட்டால் கல் நகர்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக மேற்கே மலை உச்சி தெரிகிறதா என்று பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை தலையைத் தூக்கிப் பார்க்க வேண்டும். நாம் நிற்கும் இடத்து வெயிலுக்கு எந்த மதிப்பும் இல்லை.

கலங்கியது தெரிந்தால் ஓட வேண்டிய திசையிலும் நாம் தப்பு செய்கிறோம். ஓடையோடே கீழ்நோக்கி ஓடுகிறோம். தண்ணீரோடு ஓட்டப் பந்தயமா? பக்கவாட்டில், கரை மேட்டில் ஏற வேண்டும். எதிர்க்கரை பக்கமாகத் தெரிந்தாலும் ஓடையைக் கடக்கக் கூடாது. எதிர்ப்பக்கம் மாட்டிக்கொண்டால் மேட்டிலேயே உட்கார்ந்திருப்பது நல்லது. மழை நின்றால் சிறு ஓடை வடிவதற்கும் ரொம்ப நேரமாகாது. பை, சட்டை, செல்போன் இவற்றை எடுக்கத் திரும்புவதுதான் பெரிய ஆபத்து. எங்கள் கூட்டத்திலும் ஒருவன் திரும்பப் போனான், பெரியவரின் கம்பு அவனைத் தடுத்தது.

அருவிகளில் போலீஸ்காரர் விசில் ஊதினால் ‘பொழுது போகாம ஊதுறாரு’ என்று சிரிக்கிற வழக்கம் நம்மிடம் உண்டு. அவருக்கு மேலே இருந்து தகவல் வந்திருக்கலாம், நமக்கு வரவில்லை. செண்பகாதேவிக்கும் தேனருவிக்கும் நினைத்தபோது போக விடாமல் வனத்துறை தடுப்பதற்கும் காடு ஒரு காரணம் என்றால் இது இன்னொரு காரணம். அப்புறம் எண்ணெய், சோப்பு, ஷாம்பூ. அருவியில் இவற்றுக்குத் தடை இருக்கிறது. தண்ணீர் கெடுகிறது என்பது ஒரு பக்கம். பாசிப் பாறையில் ஷாம்பூ நுரையும் சேர்ந்தால் உராய்வுக் கெழு என்ன ஆகும் என்று மெக்கானிக்கல் நண்பர்கள் கணக்குப் போட்டுக் கொள்ளட்டும்!

எங்கள் கூட்டம் இப்போதும் சீசனுக்குப் போகிறது. போனதும் முதல் வேலை, தண்ணீர் விளிம்பில் சரியாக ஒரு கல்லை வைப்பது. அதற்குமேல் ஒரு சாண் உயரத்தில் இன்னொரு கல். முதல் கல் மூழ்கினால் எல்லோரும் வெளியே. இரண்டாவது கல்லைத் தண்ணீர் தொடும்வரை காத்திருப்பதில்லை. இதைக் கண்டுபிடித்தவன் அன்று பாறைமேல் உட்கார்ந்து பாட்டுப் பாடினானே, அவன்தான். மிச்சமிருந்த ஒற்றைச் செருப்பை ரொம்ப நாள் கட்டிலுக்கடியில் வைத்திருந்தான். விடுதியில் அவனுக்கு ‘கல்லு’ என்று பட்டப்பெயர் வந்துவிட்டது. கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறான், கோபப்படுவதில்லை.